தைப்பூசத்தில் தொடங்கும் வசந்தம்

பதுளையில் முள்முருங்கை பூக்கத் தொடங்கிவிட்டது. தபாலகத்துக்கு வரும் வழியில் ஒரு மரம் நிற்கிறது. இலையெல்லாம் கொட்டி, வெறுங்கிளை முழுக்கச் சிவப்புக் கொத்துகள். விடிகாலையில் குயில் வேறு. சித்திரை வருஷம் நெருங்கிவிட்டது என்று இந்த ஊருக்குச் சொல்ல இவை இரண்டும் போதும்.

இதே நாட்களில்தான் கவுண்டரில் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். "இந்த முறை சீசனுக்கு நுவரெலியா போறோம், பூ பார்க்க." அதைக் கேட்டால் முத்திரை குத்தும் என் கை கொஞ்சம் நின்றுவிடும். 1996 முதல் 2009 வரை, 13 வருடம் அந்த ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவன் நான். அவர்கள் பார்க்கப்போகும் பூ எனக்குத் தெரியும். அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டில் யாரும் நுவரெலியா என்று சொன்னதில்லை. பாட்டிக்கு அது நூரளை. நூரளைக் குளிர், நூரளை லீக்ஸ், நூரளைத் துரைமார். வேலை கிடைத்து முதல் நாள் புறப்பட்டபோது, "நூரளைக்கா போற, கம்பளி எடுத்துக்க" என்றுதான் வழியனுப்பினார்.

கொழும்பிலிருந்து வரும் இரவு மெயில் ரயில் விடியும் முன்பே நானுஓயாவைத் தொட்டுவிடும். நுவரெலியாவுக்கு இப்போது தண்டவாளம் கிடையாது. பைகள் அங்கிருந்து வண்டியில் மேலே ஏறும். எங்கள் தபாலகம் 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டிடம், உச்சியில் மணிக்கூடு. அதற்குள் நாங்கள் கையை உரசிச் சூடேற்றிக்கொண்டே கடிதங்களைப் பிரிப்போம். சனவரியில் விரல் மரத்துப்போய் இரண்டு கடிதம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். பிரித்து முடித்துப் பையைத் தோளில் போட்டு வெளியே வந்தால், எதிரே புல்வெளி உப்பைத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். உறைபனி. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் இல்லாத தை, மாசி இரவுகளில் தரையிலிருந்த சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். விடியும்போது தேயிலைத் துளிர்கூடக் கருகி நிற்கும்.

அந்த வெளுத்த காலையில்தான் நுவரெலியாவின் வசந்தம் ஆரம்பிக்கிறது. நான் சொல்ல வந்ததே அதுதான்.

விளம்பரங்களில் வசந்த காலம் என்று போடுகிறார்கள். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே. மரமெல்லாம் மொட்டையாகி, பனி உருகி, ஒரே கிழமையில் ஊரே பூத்துக் குலுங்கும் வசந்தம் இங்கே தானாக வராது. குளிரும் வறட்சியும் பங்குனியோடு குறையும். பின்னேரங்களில் இடியோடு மழை வரும். வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பூவெல்லாம் நனைந்து அழுகும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில கிழமைதான். கீழ்நாட்டுச் சித்திரை வெயிலுக்குத் தப்பி மேலே ஏறிய வெள்ளைக்காரர்கள் அந்தச் சில கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களில் இங்கே வந்து குடியேறினார். 1873இல் கிரகரி வாவி. 1897இல் ராணியின் வைர விழாவுக்காகப் பூங்காவுக்கு விக்டோரியா என்று பெயர். ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் 1861இல் மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத்துக்காகத் தொடங்கியது, பிறகு ரோசாவுக்குப் பேர் போனது. தங்கள் ஊர்ப் பூக்கள் எல்லாம் ஏப்ரலில் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைப் பூவாக்கிக் கொடுத்தது பெரும்பாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்டத்து லயங்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

என் சுற்றில் ஒரு பழைய பங்களா இருந்தது. அங்கே ஒரு பெரியவர் தோட்டக்காரர். அதற்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலையைக் குனிந்து குனிந்து வெட்டிய முதுகு, நிமிரவே மறந்திருந்தது. ரோசாவிடமும் அதே முதுகோடுதான் போய் நிற்பார். வெட்டுவதற்கு முன் கிளையை விரலால் தடவிப் பார்ப்பார். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் மொட்டுக்கு மேலே, கால் அங்குலம் விட்டு, தண்ணீர் வழிந்தோடச் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டு வாயில் கொஞ்சம் சாணி. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் கடிதத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்பேன்.

"இப்படி மொட்டையடிச்சா பாவமா இருக்குங்க" என்றேன் முதல் வருடம்.

"தைப்பூசத்துக்கு ஆரம்பிச்சு சிவராத்திரிக்குள்ள வெட்டி முடிக்கணும் தம்பி. அப்பத்தான் சித்திரைக்குப் பூ நிக்கும். முந்தி வெட்டினா முந்திப் பூத்துக் கொட்டிப்போகும். பிந்தினா சனம் வந்து மொட்டைப் பாத்துட்டுப் போகும்."

அவ்வளவுதான் கணக்கு. வெட்டியதிலிருந்து பூ வர அந்தக் குளிரில் எட்டு, ஒன்பது கிழமை பிடிக்கும். அவரிடம் கலண்டர் இல்லை, கோயில் நாட்கள்தான் இருந்தன. பனி இறங்கிய காலையில் வெயில் ஏறும் முன் எழுந்து செடிக்குத் தண்ணீர் தெளிப்பார். உறைந்த இலையில் வெயில் நேராக அடித்தால் கருகிவிடுமாம். சின்னச் செடிகளுக்குச் சாக்குப் போர்வை. அவர் தோளில் அதே மாதிரி ஒரு சாக்கு.

அந்த மதிலோரத்தில் நாலு ஹைட்ரேஞ்சியா. தோட்டத்தின் மற்ற இடமெல்லாம் வானத்தைப் பிய்த்து வைத்த நீலம், மதிலை ஒட்டி நின்றவை மட்டும் இளஞ்சிவப்பு. வேறு ஜாதி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"ஒரே செடியில ஒடிச்ச கம்பு தம்பி எல்லாம். இது நாலும் சுண்ணாம்பு குடிச்சிருக்கு."

சீசனுக்குச் சீசன் மதிலுக்கு வெள்ளையடிப்பார்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து வேருக்கு இறங்கும். மலைநாட்டு மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறினால் பூ நீலமாகும். சுண்ணாம்பு விழுந்தால் புளிப்புக் குறைந்து, அலுமினியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பூ சிவக்கும். இந்த அலுமினியக் கதையை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்ன 'சுண்ணாம்பு குடிச்சிருக்கு' என்ற இரண்டு சொல்லில் அது முழுக்க இருந்தது. அன்றைக்கே ஒரு கொத்தை வளைத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, புல்லி. நாலு புல்லிக்கு நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முடிச்சு. அதுதான் பூ. மூன்று வருடமாக அந்த வழியே நடந்திருக்கிறேன். பூவைப் பார்த்தது அன்றுதான்.

மாசி கடைசியிலிருந்து ஊர் மெல்ல நிறம் மாறும். முதலில் யாரும் நடாத பூ வரும். ஓடையோரச் சேற்றில் வெள்ளை ஆரம் லில்லிகள், வேலியில் நாஸ்டர்டியம். பிறகு ஜன்னல் பெட்டிகளில் ஜெரேனியம், பான்சி. டேலியாக்களுக்கு முட்டுக் குச்சி கட்டும் பெண்களைப் பார்க்கலாம். பங்குனி நடுவில் ரோசாவின் புதுத் துளிர் செம்பு நிறத்தில் மினுங்கும். எனக்கு ஊர் மிகவும் அழகாகத் தெரிந்தது அந்த நாட்களில்தான். கூட்டம் வந்திருக்காது. தெருவில் நானும் நாய்களும் பாற்காரரும். மொட்டுகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஏப்ரல் 1ஆம் திகதி பாடசாலை பாண்ட் வாத்திய அணிவகுப்போடு சீசன் திறக்கும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாவிக்கரையில் நடக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் நான் பூவைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அது வாழ்த்து அட்டைக் காலம். புத்தாண்டுக்கு முந்தைய பத்து நாளும் பை இரண்டு மடங்கு கனக்கும். அட்டைகளில் பால் பொங்கும் பானை, எண்ணெய் விளக்கு, முள்முருங்கைப் பூ. விலாசத்தில் வைத்த கண்ணை எடுக்க நேரமில்லை. நிமிர்ந்து பார்க்கும்போது புத்தாண்டும் முடிந்து, ரோசா இதழ்கள் நடைபாதையில் சப்பிக் கிடக்கும். பெரியவரும் அப்படித்தான். பூ நிறைந்து நின்ற நாட்களில் அவரைத் தோட்டத்து முன்பக்கம் நிற்கவிட மாட்டார்கள். விருந்தாளிகள் இருப்பார்கள். பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருப்பார். கடிதம் கொடுக்கும்போது, "முன்னுக்கு மஞ்ச ரோசா விரிஞ்சிருச்சா தம்பி?" என்று என்னிடம் கேட்பார்.

நான் ஏன் தபால் வேலைக்கு வந்தேன் என்று அவர் ஒரு முறை கேட்டார். சொன்னேன். நான் லயத்தில் பிறந்தவன். லயக் காம்பராவுக்கு இலக்கம் வைத்த விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குக் கட்டாக வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வருமோ அப்போதுதான். உயர்தரம் எழுதி முடித்த வருடம் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. பதினொரு நாள் ஆபீஸ் மேசையில் கிடந்தது. கைக்கு வந்தபோது திகதி போய் நாலு நாள். அப்பா போய்க் கேட்டார். "கவனிக்கல" என்று மட்டும் சொன்னார்களாம். அதற்குப் பிறகு தபால் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் முதல் ஆளாக விண்ணப்பித்தேன். நான் சுமந்த 13 வருடத்தில் ஒரு கடிதத்தையும் ஒரு நாள்கூடத் தெரிந்து வைத்துக்கொண்டதில்லை. இன்றும் பல தோட்டங்களில் லயத்து வாசலுக்குத் தபால் போவதில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாலு ரோசாக் கம்பும் ஒரு ஹைட்ரேஞ்சியாக் கம்பும் ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "அம்மாகிட்ட குடு." லயத்து வாசலில், பால்மா தகரத்தில் அம்மா நட்டார். தோட்டத்திலேயே அந்த நிற ரோசா எங்கள் வாசலில் மட்டும்தான். பிறகு பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு கம்பு, அதற்கடுத்த காம்பராவுக்கு ஒன்று. இரண்டு வருடத்தில் எங்கள் லயத்து முன்பக்கம் முழுக்க அந்த மஞ்சள்.

2009இல் இடமாற்றம். பதுளை 680 மீட்டர் உயரம்தான், இரவில்கூடப் போர்வை கனக்கிறது. கொண்டுவந்து நட்ட ஹைட்ரேஞ்சியா இலை விட்டது, தழைத்தது, பூக்கவில்லை. மொட்டுப் பிடிக்க அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். அதைப் பிடுங்கிப் போட இன்றுவரை மனம் வரவில்லை.

போன மாசியில் ஒரு அலுவலாக நுவரெலியா போனேன். வேலை முடிந்ததும் கால் தானாகப் பழைய சுற்றில் நடந்தது. பங்களா இப்போது தங்குமிடம். பெரியவர் இறந்து பல வருடமாகிறது. மதிலை இடித்துச் சீமெந்தில் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு இளைஞர் ரோசாப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செடிகள் ஆள் உயரம், நுனியில் மட்டும் மெலிந்த பூ. வெட்டி வருடக்கணக்காக இருக்கும்.

"கவ்வாத்து பண்ணலையா தம்பி?"

"இல்லங்க ஐயா. சீசனுக்குப் பூச்சட்டி லொறியில வந்துரும். முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிருவாங்க."

கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மேல் என்ன குற்றம்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கத்தரியைக் கேட்டு வாங்கினேன். வெளிப்பக்கம் பார்த்த மொட்டைத் தேடி, கால் அங்குலம் விட்டு, ஒரு கிளையைச் சாய்வாக வெட்டிக் காட்டினேன். என் கை நடுங்கியது. அடுத்ததை அவரே வெட்டினார், நன்றாகவே வெட்டினார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா கவ்வாத்துக்காரராம். நாள் கணக்கைச் சொன்னேன். போனை எடுத்து, 'தைப்பூசம் தொடங்கி சிவராத்திரிக்குள்ள' என்று குறித்துக்கொண்டார்.

புறப்படும்போது மதிலோரம் எட்டிப் பார்த்தேன். நாலில் ஒரு ஹைட்ரேஞ்சியா மிச்சம் நின்றது. சீமெந்திலும் சுண்ணாம்பு உண்டல்லவா. அது இன்னும் இளஞ்சிவப்பாகவே பூத்திருந்தது. "மத்ததெல்லாம் நீலம், இது மட்டும் ஏங்கய்யா இப்படி?" என்று கேட்டார் அவர்.