கையெழுத்துக்கு முன்னால்: ஒரு ஓ.பி நர்ஸின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

மகளிர் பிரிவில் செவ்வாய்க்கிழமை என்றாலே உட்கார இடம் இருக்காது. வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட், வாயில் ஒரே கேள்வி: "கர்ப்பப்பையை எடுத்துரணுமா சிஸ்டர்?"

இன்று வந்த தையல்கார அக்காவுக்கு வயது 46. கர்ப்பப்பையில் ஏழு செ.மீ. கட்டி, உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய், ஹீமோகுளோபின் 7.4-க்கு இறங்கியிருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் அதை ஒரு கோளாறாகவே அவர் சொல்லவில்லை. "வயசாகுதுல்ல" என்றார். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க எல்லாம் பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம்மா" என்றார். அக்கா தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எடுத்துட்டா இந்த இடுப்பு வலியும் போயிரும்ல?"

நாள் முழுக்கக் குனிந்து மெஷின் மிதிக்கிறவருக்கு இடுப்பு வலி எதனால் என்று யாருக்குத் தெரியும்? ஆபரேஷன் நிறுத்தப்போவது ரத்தப்போக்கை. இடுப்பு வலி அப்படியே இருந்தால், ஆறு மாதம் கழித்து "ஆபரேஷன் பண்ணித்தான் இடுப்பே போச்சு" என்று தெருவெல்லாம் சொல்வார். அப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆபத்து என்ன என்று சொல்லத்தான் நேரமில்லை என்கிறோம். பலன் என்ன என்பதையும் சரியாகச் சொல்வதில்லை.

7.4-ஐ வைத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியாது. இரும்புச்சத்து ட்ரிப், ரத்தப்போக்கு குறைய மாத்திரை, கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனை. எப்படியும் ஐந்தாறு வாரம் ஆகும். பேசுவதற்கு நேரம் கிடைத்தது.

ஜூன் 6, வெள்ளி

சம்மதப் படிவம் எங்கள் பக்கத்தில் எப்போது வாங்கப்படுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி. எனிமா கொடுத்து, ஷேவ் பண்ணி, தாலிச்சங்கிலி முதல் மெட்டி வரை கழற்றி மாமியார் கையில் கொடுத்த பிறகு, ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கம் வரும். "எங்கே போடணும்?" என்பார்கள். பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டுவோம். அந்த நேரத்தில் யார் வேண்டாம் என்று எழுந்து போகப்போகிறார்கள்?

அதிலும் முதல் கையெழுத்து வீட்டுக்காரருடையது. சுயநினைவோடு இருக்கும், பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவர் சம்மதமே போதும். கணவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்யக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பழக்கம்தான். பின்னால் தகராறு வந்தால் என்ற பயம் வேறு.

ஜூன் 11, புதன்

இன்று எண்களோடு மல்லுக்கட்டினேன்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஒரு கணக்குத் தந்திருக்கிறது. ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வருவது 100-க்கு 4 பேருக்கு. ரத்தம் ஏற்ற வேண்டிவருவது 1,000-க்கு 23. மூத்திரப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம் 1,000-க்கு 7. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவது 1,000-க்கு 4. குடலில் காயம் 10,000-க்கு 4. ஆறு வாரத்துக்குள் இறப்பது 1,00,000-க்கு 32. அந்த ஊர்க் கணக்கு அது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, கைக்குக் கை மாறும். ஆனாலும் ஒரு மட்டு தெரிகிறது.

இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். தையல்கார அக்கா, "அந்தப் பத்தாயிரம்னு சொன்னீங்களே, அதுதான் பயமா இருக்கு" என்றார். காயங்களிலேயே மிக அரிதான குடல் காயம், பெரிய எண்ணோடு வந்ததால் பெரிய ஆபத்தாகக் காதில் விழுந்திருக்கிறது! அவர் மாதச் சீட்டு பிடிப்பவர். தள்ளுக் கழிவை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். கணக்குத் தெரியாதவர் இல்லை, நான் ஆளுக்கொரு படியில் அளந்து போட்டால் யாருக்குத்தான் புரியும்?

எல்லாவற்றையும் ஆயிரத்துக்குக் கொண்டுவந்தேன். "ஆயிரம் இலை போட்ட கல்யாணம்னு வைங்கக்கா. நாப்பது இலைக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்கல். அதுல இருபத்தி மூணு இலைக்கு ரத்தம் ஏத்தணும். ஏழு இலைக்கு மூத்திரப் பையிலயோ குழாய்லயோ காயம். குடல்ல அடிபடுறது ஒரு இலைகூட முழுசா வராது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "மிச்சம் தொள்ளாயிரத்து அறுபது பேரும் நல்லாத்தான் சாப்பிட்டுப் போறாங்க?" ஆமாம். அதையும் சொல்ல வேண்டும். 4 பேருக்குச் சிக்கல் என்பதும் 96 பேருக்கு இல்லை என்பதும் ஒரே செய்திதான். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டவர் பயந்து ஓடுகிறார், மற்றதை மட்டும் கேட்டவர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

ஜூன் 19, வியாழன்

நைட் டியூட்டி. புதிதாகச் சேர்ந்த தங்கச்சி கேட்டாள், "இவ்வளவு விளக்கம் எதுக்குக்கா, டாக்டர் சொன்னா சரிதானே?" சமீரா கோலி வழக்கைச் சொன்னேன்.

1995, டெல்லி. 44 வயது, கல்யாணம் ஆகாதவர். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்க மட்டும் மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரியில் தீர்ப்பு. சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதம் வெட்டி எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் அவர் கண் விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும், இத்தனையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

நஷ்டஈடு 25,000 ரூபாய். பதிமூன்று வருடத்துக்கு.

தங்கச்சி கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள்: "செய்யாட்டி என்ன ஆகும்னு நாம சொல்றதே இல்லையேக்கா." சரியான இடத்தைத் தொட்டாள். ஆபரேஷனா, மாத்திரையா என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காத்திருப்பதும் ஒரு வழி என்று யாரும் வாய் திறப்பதில்லை. நம் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47 பக்கம். நின்றபின் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் சுருங்கும். புற்றுநோயாக மாறுமோ என்ற பயம்தான் எல்லோரையும் விரட்டுகிறது. சாதாரணக் கட்டியில் அது மிக மிக அரிது. உடம்பில் ரத்தம் குறையாமல், வலி இல்லாமல் இருக்கிற ஒருவர் 46 வயதில் காத்திருப்பது மடத்தனம் ஆகாது.

ஜூன் 24, செவ்வாய்

சித்தாள் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. வயது 38, கட்டி கிடையாது, உதிரப்போக்கு மட்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பற்றி டாக்டரம்மா சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "காப்பர்-டியா? வேண்டவே வேண்டாம், சின்னவன் பிறந்தப்ப வச்சு ரத்தம் கொட்டுச்சு." அவர் சொன்னதில் தப்பே இல்லை, காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டத்தான் செய்யும். இது பார்க்க அதைப்போலவே இருக்கும், வேலை நேர் எதிர். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும், பிறகு வெகுவாகக் குறையும், சிலருக்கு நின்றே போகும். அந்த முதல் சில மாதத்தைச் சொல்லாமல் வைத்து அனுப்பினால் ரெண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வந்து நிற்பார்கள்.

அவர் சொன்ன காரணமும் எந்தப் படிவத்திலும் இருக்காது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் கழிப்பறை கிடையாது. துணி மாற்ற இடமில்லாமல் மாதம் நாலைந்து நாள் கூலி போகிறது. "எடுத்துட்டா அந்தச் சனியன் இல்லைல்ல?" மஹாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானது. கூலிக்கணக்கு அங்கேயும் இருந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுக்கச் சுமார் 3 சதவீதம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 8 சதவீதத்துக்கு மேல். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிப்பறை இல்லாத குறைக்குக் கர்ப்பப்பையை எடுப்பது என்ன வைத்தியம்! சாதனத்தைப் பற்றி யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

ஜூலை 5, சனி

தையல்கார அக்காவின் சதைப் பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை. கட்டி உள்ளே தள்ளியிருப்பதால் அவருக்கு அந்தச் சாதனம் சரிவராது. கட்டியை மட்டும் எடுக்கலாம், காத்திருக்கலாம், மொத்தமாக எடுக்கலாம். மூன்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

கூட வந்த நாத்தனார், "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, ஓவரியையும் சேத்து எடுத்துருங்க, கேன்சர் பயமே இருக்காது" என்றார். அவருக்கு அப்படித்தான் செய்தார்களாம். அமெரிக்காவில் நர்ஸுகளையே வருடக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் (எங்கள் சாதியை வைத்தே ஒரு ஆராய்ச்சி!). சாதாரணக் காரணத்துக்காகக் கர்ப்பப்பை எடுத்த 29,380 பேரை 24 வருடம் பின்தொடர்ந்த முடிவு 2009-ல் வந்தது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் குறைவு. ஆனால் மாரடைப்பும் மொத்தச் சாவும் கூடுதல். குடும்பத்தில் அந்தப் புற்றுநோய் பரம்பரையாக இருந்தால் கணக்கே வேறு. இந்த அக்கா வீட்டில் அப்படி யாரும் இல்லை. சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிலக்கு நிற்கும்போது வரும் உடம்புச் சூடு, வியர்வை எல்லாம் கொஞ்சம் முன்னதாகவே வரலாம் என்பதையும் சொன்னேன்.

நாத்தனார் டீ குடிக்கப் போனதும்தான் அக்கா உண்மையான கேள்வியைக் கேட்டார். "அதுக்கப்புறம் வீட்டுக்காரரோட..." என்று நிறுத்திவிட்டார். ஆறு வாரமாவது ஆறவிட்டு, டாக்டர் பார்த்துச் சொன்னபின் வழக்கம்போல இருக்கலாம், பெரும்பாலானவர்களுக்குக் குறை எதுவும் வருவதில்லை, உதிரப்போக்கு நின்ற நிம்மதியில் பலருக்கு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்றேன். கணவரோ நாத்தனாரோ பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்வி வரவே வராது. அதற்காகவாவது ஐந்து நிமிடம் தனியாகப் பேச ஒரு மூலை வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ஊசி போடும் அறையைத் திரை போட்டுத் தடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

ஹீமோகுளோபின் 10.6. அக்கா முடிவோடு வந்தார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், சினைப்பை இருக்கட்டும். காத்திருந்தால் நிற்க இரண்டு வருடம் ஆகுமா, ஐந்து வருடம் ஆகுமா தெரியாது, அதுவரை மாத்திரையும் ட்ரிப்பும் தன்னால் ஆகாது என்றார். நன்றாக யோசித்த முடிவு. நான் அவர் இடத்தில் இருந்தால் காத்திருப்பேனோ என்னவோ, அது என் உடம்பு.

படிவத்தை இன்றே, ஓ.பி-யிலேயே, கழுத்தில் சங்கிலியோடு உட்கார்ந்து நிரப்பினார். "சினைப்பையை எடுக்க வேண்டாம். உள்ளே கெட்டது ஏதாவது தெரிந்தால் மட்டும் எடுக்கலாம்" என்று அவரே தமிழில் எழுதி, கீழே தேதி போட்டார். டாக்டரம்மா படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

ஆடி நாளை மறுநாள் பிறக்கிறது. ஆடியில் ஆபரேஷனா என்று வீட்டில் முணுமுணுப்பு. அக்காவுக்கு ஆடிதான் தோது, முகூர்த்தம் இல்லாததால் ஜாக்கெட் தைக்க வருபவர்கள் குறைவு. செப்டம்பரில் தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிடும், அதற்குள் எழுந்து உட்கார வேண்டும். "எத்தனை நாள் கழிச்சு மெஷின் மிதிக்கலாம்?" என்று கேட்டார். ஆறு வாரம் கனமான வேலை கூடாது என்று தாளில் இருக்கிறது. மெஷின் மிதிப்பது கனமா, லேசா என்று அதில் இல்லை. டாக்டரம்மாவும் கொஞ்சம் யோசித்து, முதல் ரெண்டு மாதம் மோட்டார் மாட்டிக்கொள்ளச் சொன்னார். மோட்டார் என்ன விலை என்று அக்கா கணவரிடம் போனில் கேட்டுக்கொண்டே படி இறங்கினார். 22-ம் தேதி லிஸ்டில் முதல் கேஸ்.

சித்தாள் தங்கச்சி இன்னும் வரவில்லை. அவர் எண்ணுக்கு நாளை கூப்பிட வேண்டும்.