ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்: கோத்தகிரி நாட்குறிப்பு

அக்டோபர் 6, ஞாயிறு

மேசைக்கடியில் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வந்து உட்கார்ந்தாயிற்று. ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸர், 16 கோர், 32 த்ரெட். ராம் 96 ஜிபி, 48 ஜிபி குச்சி இரண்டு. நான்கு குச்சி செருகினால் இன்னும் கூடும்தான். ஆனால் இந்த ப்ராசஸரில் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600. அதனால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இதில் இரண்டு குடித்தனம் நடக்க வேண்டும். ஒன்று என்னுடையது: எஸ்டேட்காரர்கள் ட்ரோனில் எடுத்துத் தரும் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கி, எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்தச் சரிவில் மண் இறங்குகிறது என்று குறித்துக் கொடுப்பது. இன்னொன்று, இலை ஏஜென்ட் அண்ணாவின் கணக்கு ஓடும் விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் (பெட்டிக்குள்ளேயே தனிக் கணினிபோல ஓடுவது, சுருக்கமாக விஎம்). சிறு விவசாயிகள் தினமும் போடும் பச்சைத் தேயிலையின் எடை, வாங்கிய முன்பணம், மாதப் பட்டுவாடா எல்லாம் அதற்குள்தான். இவை போக, வலைத்தளம் சோதிக்க ஒரு லினக்ஸ் மெஷின்.

என் லினக்ஸ் டெஸ்க்டாப்பை நேராக நிறுவி, மற்ற மெஷின்களை அதன்மேல் ஓட்டுவதுதான் சுலபம். விஎம் ஓட்டும் வசதியான கேவிஎம் 2007 முதலே லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கிறது, தனியாக எதுவும் தேடிப் போக வேண்டாம். ஆனாலும் அடியில், விஎம்களை ஓட்டுவதற்கென்றே இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மட்டும் வைத்து, என் டெஸ்க்டாப்பையே ஒரு விஎம்மாக மாற்றப் போகிறேன். டெஸ்க்டாப் என்பது அடிக்கடி ரீஸ்டார்ட் கேட்கும் ஜாதி. டிரைவர் புதுப்பித்தால் கேட்கும், வரைபட மென்பொருள் உறைந்தால் கேட்கும். என் டிரைவருக்காக அண்ணாவின் கணக்கு ஏன் அணைய வேண்டும்?

அக்டோபர் 9, புதன்

கிராஃபிக்ஸ் கார்டை டெஸ்க்டாப் விஎம்முக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. ப்ராசஸருக்குள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் ஒன்று இருப்பதால், அடியில் இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸின் திரைக்கு அது போதும். சாதனங்களை விஎம்முக்கு நேராகக் கொடுக்க உதவும் ஐஓஎம்எம்யூவை பயாஸில் இயக்கியதும் எந்தச் சாதனம் எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே குழுவில் இருப்பவற்றைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுக்க முடியாது. என் மதர்போர்டில் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலரும் தனித்தனிக் குழுவில் வந்துவிட்டன. கீபோர்டு, மவுஸ் எல்லாம் அந்த யுஎஸ்பியில்.

கோர்களைப் பிரிப்பது எளிது. இந்த ப்ராசஸர் உள்ளே 8 கோர் கொண்ட இரண்டு சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 32 எம்பி எல்3 கேஷ் என்ற வேக நினைவகம். ஒரு சில்லு எனக்கு, மற்றது கணக்குக்கும் சோதனைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் அஃபினிட்டி என்ற கட்டத்தில் எந்த விஎம் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று எண்களை எழுதினால் முடிந்தது.

ராம்தான் கறாரான விஷயம். கார்டை நேராகக் கொடுத்த விஎம்முக்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். சும்மா கிடந்தாலும் அதைப் பிடுங்கி வேறு மெஷினுக்குத் தர முடியாது. எனக்கு 56 ஜிபி, சோதனைக்கு 16, கணக்குக்கு 8, டிஸ்க்கை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ்ஸின் கேஷுக்கு உச்சவரம்பு 8, மீதி அடித்தளமான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு.

மின்வரம்பை 170 வாட்டிலிருந்து 105 வாட் ஈக்கோ மோடுக்கு இறக்கினேன். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றினாலும் ஃபேன் தள்ளும் காற்றின் எடை குறையும். அறை குளிர்ச்சியாக இருப்பதால் சமாளிக்கிறது.

அக்டோபர் 16, புதன்

காலையிலிருந்து மழை. பதினொரு மணிக்கு அண்ணாவின் போன்.

"ஏம்மா, பில்லு போட்டா சுத்திக்கிட்டே நிக்குதே?"

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணா, பார்க்கிறேன்."

அவருடைய மெஷினில் சிபியூ ஏறக்குறைய சும்மா இருந்தது. ராமிலும் இடம் இருந்தது. அடித்தளத்தில் ப்ரெஷர் என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். 2018இல் கெர்னலுக்குள் வந்த இந்தக் கணக்கு, வேலைகள் எதற்காகக் காத்துக் கிடக்கின்றன என்று சொல்லும். சிபியூ வரி அமைதி. டிஸ்க் வரி ஏறிக்கொண்டே போனது. என் ட்ரோன் படங்கள் ஒட்டப்படும்போது பத்துப் பத்து ஜிபியாகத் தற்காலிகக் கோப்புகள் எழுதப்படுகின்றன. அதே என்விஎம்இ டிஸ்க்கில்தான் அவருடைய கணக்கும் இருக்கிறது. கோர்களுக்கு நடுவே சுவர் எழுப்பினாலும் கிணறு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

உடனே என் விஎம்மின் டிஸ்க்குக்கு எழுதும் வேக வரம்பு வைத்தேன். அங்கே பில் ஓடத் தொடங்கியது. எனக்கு வேலை நத்தை வேகத்தில். நிரந்தரத் தீர்வு தனி டிஸ்க்தான். கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அதை முழுசாக டெஸ்க்டாப் விஎம்முக்கே கொடுத்துவிடுவேன். இப்படிப் பெட்டி கட்ட நினைப்பவர்கள் கோர் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது இரண்டாவது டிஸ்க் வாங்குங்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

புது டிஸ்க் மாட்டியாயிற்று. வரம்பை எடுத்துவிட்டேன், இரண்டு பக்கமும் புகார் இல்லை.

மதியம் எங்கோ லைன்மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வழக்கம்தான். யுபிஎஸ்ஸை என்யூடி மென்பொருள் கவனிக்கிறது. நான் வைத்திருக்கும் விதி: இரண்டு நிமிடத்தில் கரண்ட் வராவிட்டால் முதலில் என் டெஸ்க்டாப் அணையும். படம் ஒட்டும் நேரத்தில் மொத்தப் பெட்டியும் 300 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. டெஸ்க்டாப் போனபின் மீட்டரில் 80க்குக் கீழே. மிச்ச பேட்டரி முழுவதும் கணக்குக்கு. அதுவும் தீரப் போகும்போது அடித்தளமே மூடத் தொடங்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் தொடங்கிய வரிசைக்குத் தலைகீழாகத்தான் மூடும், ஆகவே கடைசியாக அணைய வேண்டிய கணக்கு மெஷினுக்கு வரிசை எண் 1. விண்டோஸுக்குள் அடித்தளத்தின் கட்டளையைக் கேட்கும் கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுவியிருப்பதால் சொன்னதும் ஒழுங்காக மூடிக்கொள்கிறது. இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் 180 விநாடி.

இன்று என் வேலை பாதியில் நின்றது. படங்களை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். அண்ணா பில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு முன் பட்டுவாடா. இலை போட்டவர்கள் கைக்கு நாளைக்குள் பணம் போக வேண்டும். புது கெர்னல் வந்திருக்கிறது, தொடவில்லை. அடித்தளத்தை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும்தான் இரண்டு குடித்தனமும் சேர்ந்து நிற்கும். அதற்கு ஞாயிறு இரவு என்று அண்ணாவிடம் பேசி வைத்திருக்கிறேன், அன்று அவருக்கு இலை வரவு கிடையாது.

நவம்பர் 3, ஞாயிறு

கெர்னல் மாற்றியாயிற்று. மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பேக்அப்பை விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஸ்னாப்ஷாட் இருப்பது அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் இரண்டும் போகும். கணக்கு மெஷினின் பேக்அப் ஒன்று தினமும் வெளி டிஸ்க்கில் விழுகிறது, வாரம் ஒரு நகல் குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போகிறது.

இன்று அங்கே இருக்கும் பழைய லேப்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, அந்த நகலிலிருந்தே மெஷினை எழுப்பினோம். மெதுவாகத்தான் வந்தது. அக்டோபர் மாத இலை வரவைத் திறந்து மொத்தக் கிலோவை போனில் படித்தேன். அண்ணா தன் நோட்டில் பார்த்து, "சரியா இருக்கும்மா" என்றார். அடுத்து, சோதனை மெஷினின் 16 ஜிபியில் பாதியைக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.