மயங்கி விழும் வயதான நாய்: இதயமா, நுரையீரலா?

நாய் சரிந்து விழும்போது, முடிந்தால் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. இருமும்போதோ படி ஏறும்போதோ தொய்ந்து விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் எழுந்து பழையபடி நடந்தால் பெரும்பாலும் மயக்கம்தான். எழுந்த பிறகும் வெகுநேரம் திக்குத் தெரியாமல் திரிந்தால் வலிப்பாக இருக்கலாம். கால் விறைப்பதும் சிறுநீர் போவதும் இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஈறு வெளுத்ததா, நீலம் பாரித்ததா என்று கட்டாயம் பாருங்கள்.

பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு வயதானால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு கெடுவது சகஜம். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பில் இதய முணுமுணுப்பு (துடிப்போடு வரும் கூடுதல் ஒலி) கேட்டதுமே, உடலின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரையைத் தொடங்குவது சரியல்ல. இருமலுக்குக் காரணம் மூச்சுக்குழாய் சுருங்குவதாகவும் இருக்கலாம். நுரையீரலில் நீர் கோக்காத நாய்க்கு அந்த மாத்திரை கொடுத்தால் உடல் வறண்டு, ரத்த அழுத்தம் இறங்கி, மயக்கமே கூடும்.

நீர் கோத்திருக்கிறதா என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் உடனே மார்பு எக்ஸ்ரே தேவை. மூச்சுத் திணறும் நாயை மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. முதலில் ஆக்சிஜன், பிறகுதான் படம்.

எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் இடது மேலறை, மகாதமனியைப்போல் 1.6 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் இதயம் வீங்கியிருக்கிறது. வலப்பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகம் நொடிக்கு 3.4 மீட்டரைத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்தே வேறு, சில்டெனாஃபில். ஐந்து நிமிட ஈசிஜி சரியாக இருந்தாலும் துடிப்புக் கோளாறு இல்லை என்றாகாது. 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைக் கேளுங்கள்.