சாவி கொடுத்தீங்களா?

"சாவி ஒழுங்கா கொடுத்தீங்களா அண்ணாச்சி?"

சர்வீஸ் முடிந்து போன வாட்ச் நின்றுபோய்த் திரும்பி வந்தால் யாரும் முதலில் கேட்கிற கேள்விதான். கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். கேட்ட தொனிதான் உறுத்துகிறது.

ஆரியங்காவிலிருந்து சாரலில் பஸ் ஏறி செங்கோட்டையில் என் வாட்ச் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தார் அண்ணாச்சி. ரப்பர் பால் வெட்டப் போன நாளிலிருந்து கையில் கிடக்கிற எச்.எம்.டி. "நாப்பது வருசமா நான்தான தம்பி சாவி குடுக்கேன்" என்றார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். பின்பக்கம் பென்சிலில் 10.55, 4.22, 8.44. "நின்ன நேரம்."

நான் அதைப் பார்க்கவே இல்லை. வாட்ச்சைக் காதில் வைத்தேன். வந்த வழியில் குலுங்கியதோ என்னவோ, டிக் டிக் என்று ஓடியது. "ஓடுதே!" என்றேன், ஏதோ அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி. சரி, வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மேசையில் டயல் மேலே பார்க்க இரண்டு நாள் கிடந்தது, நிற்கவில்லை. எண்ணெய் கூடிப்போய் ஹேர்ஸ்பிரிங், அதாவது மயிரிழைச் சுருள், ஒட்டுகிறதா, காந்தம் ஏறிவிட்டதா, எல்லாம் பார்த்தாயிற்று. மணிக்கு 18,000 தடவை, சுத்தமாக அடித்தது. வேறு வழியில்லாமல்தான் டிக்கெட்டை எடுத்தேன். முள்ளை 10.55க்கு வைத்தேன். 4.22க்கு. 8.44க்கு. மூன்றிலும் சின்ன முள்ளின் மேல் பெரிய முள்.

பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டும் 11 தடவை சேரும். வாட்ச்சைக் கவிழ்த்துப் பிடித்து லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தேன். சின்ன முள் இறங்கிவந்து பெரிய முள்ளைத் தொட்டது. டயலைக் கழற்றினால், சின்ன முள்ளைத் தாங்குகிற மணிச் சக்கரத்தின் மேல் உட்கார வேண்டிய வாஷரைக் காணோம். தாளை விட மெல்லிசான பித்தளை வளையம். சர்வீஸில் நான் பாகங்களைக் கழுவிய பெட்ரோல் கிண்ணத்தின் அடியில், கறுப்பு வண்டலில் ஒட்டிக் கிடந்தது. அது இல்லாததால் சக்கரம் ஆடுகிறது. மேசையில் தன் எடையில் கீழே படிந்துவிடும். கையில் கட்டி வீசி நடந்தால் எழும்பி முள் தட்டும். எல்லாச் சேர்க்கையிலும் தட்டாது, சிலதில் மட்டும்.

வாஷரைப் போட்டுப் பூட்டினேன். அவர் திரும்ப வந்தபோது "உள்ள தூசி அண்ணாச்சி, பழைய வாட்ச்சுல்லா" என்றேன். கம்பெனியை மூட 2016இல் அரசு முடிவெடுத்ததிலிருந்து எச்.எம்.டி.க்கு இந்தச் சாக்கு எங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. ஐம்பது ரூபாய் நீட்டினார். வாங்கினேன். வாங்காவிட்டால் தப்பு என் பேரில் என்று தெரிந்துபோகும் அல்லவா? வாஷரை விட்டது யாருக்கும் நேரக்கூடியது, அதைச் சொன்னால் அடுத்த வாட்ச் தென்காசிக்குப் போய்விடும். இதெல்லாம் நியாயம்தான். அரை நாள் வேலை வேறு செய்திருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டார்: "நான் எழுதிக் குடுத்தது உதவிச்சா தம்பி?"

"அதெல்லாம் தேவைப்படல."

அதை ஏன் சொன்னேன்? அதற்கு மட்டும் எந்தச் சாக்கும் பொருந்தவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் வாஷர் சங்கதி அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு ஒரு காசு நட்டமில்லை.

அவர் தலையாட்டிவிட்டு என் எதிரிலேயே நின்று, ஒவ்வொரு திருப்பாக, நிதானமாகச் சாவி கொடுத்தார். "பாத்துக்கோ தம்பி, குடுத்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.