கிரைண்டிங் ஸ்பிண்டில் ஒருவழியாக ஓடிவிட்டது

லேத்தின் டூல் போஸ்ட்டில் (வெட்டும் உளியைப் பிடிக்கிற இடம்) மாட்டுகிற மாதிரி கிரைண்டிங் ஸ்பிண்டில், அதாவது சாணைக்கல்லை வேகமாகச் சுற்றும் தண்டு, ஒன்று நானே செய்ய வேண்டுமென்பது ரொம்ப நாள் ஆசை. இ.என்.24 என்கிற அலாய் ஸ்டீலில் தண்டு, பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கும் 7202 ஆங்குலர் பேரிங் இரண்டு. பாடி, புல்லி எல்லாம் சாதாரண வேலைதான்.

உயிர் இருப்பது பேரிங் உட்காரும் அந்த 15 மி.மீ. விட்டத்தில். 0.3 மி.மீ. கூடுதலாக விட்டுக் கடைந்து, கோவை கணபதியில் தெரிந்த அண்ணனின் பட்டறைக்கு சிலிண்டிரிக்கல் கிரைண்டிங்குக்கு (தண்டைச் சுற்றவிட்டுக் கல்லால் தேய்ப்பது) கொண்டுபோனேன். அவர் தண்டைப் பார்க்கவே இல்லை, தண்டின் முனையில் அதைத் தாங்கப் போடும் சென்டர் துளையில் விரலை வைத்துப் பார்த்தார். "பிசிர் இருக்குதுங்க தம்பி, துளை வட்டமா இல்லீன்னா தண்டும் வட்டமா வராதுங்க" என்றார். உண்மைதான், இரண்டு டெட் சென்டருக்கு (சுற்றாத கூர்முனைகள்) நடுவில் சுற்றும்போது துளையின் குறை அப்படியே தண்டில் ஏறிவிடும். தேய்க்கும் பேஸ்ட் போட்டு இரண்டு துளையையும் லேப் செய்த (நுணுக்கமாகத் தேய்த்துச் சரிசெய்த) பிறகுதான் கல்லைத் தொட்டார்.

கிரைண்ட் செய்த கையோடு மைக்ரோமீட்டரை எடுத்தேன், தடுத்துவிட்டார். 15 மி.மீ. தண்டு 10 டிகிரி சூடேறினாலே 2 மைக்ரான் கிட்ட பருத்துவிடும், நமக்கு வேண்டிய ஃபிட்டே அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறின பிறகு அளந்தோம்.

அப்புறம் பேரிங்குகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் வரும் உள் ஸ்பேசர், வெளி ஸ்பேசர் (இடைவெளி வளையங்கள்) இரண்டையும் காந்தத்தால் பிடிக்கும் மேக்னட்டிக் சக்கில் ஒரே செட்டிங்கில் கிரைண்ட் செய்து மாட்டினேன். ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்துக் கையால் சுற்றினால் முள் 2 மைக்ரானுக்குள் நிற்கிறது. 50 மி.மீ. கல், நிமிடத்துக்கு 12000 சுற்று என்றால் கல்லின் விளிம்பு வேகம் வினாடிக்குச் சுமார் 31 மீட்டர். கல்லின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள், பாதுகாப்பு மூடி (கார்டு) இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.