கரக்கோயில் திருச்சுற்றில் ஒரு ஞாயிறு

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் வேறு எதற்கும் ஒதுக்குவதில்லை. தவிர்க்க முடியாத திருமணமோ வீட்டு விசேஷமோ குறுக்கிட்டால் ஒழிய, விடியற்காலை ஐந்து மணிக்குச் சிதம்பரம் கீழவீதியில் வேன் வந்து நிற்கும்போது, முப்பது பேராவது மண்வெட்டியும் துடைப்பமும் சாப்பாட்டுப் பாத்திரங்களுமாகக் காத்திருப்போம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மின்பணியாளர், வங்கி ஊழியர், தையல் வேலை செய்யும் இரண்டு சகோதரிகள், கல்லூரி மாணவர்கள் சிலர், பெற்றோரோடு தொற்றிக்கொண்டு வரும் சிறுவர்கள் என்று பலதரப்பட்டவர்கள், கோயில்களைத் துப்புரவு செய்யும் எங்கள் உழவாரப்பணிக் குழுவில் இருக்கிறோம். வாரம் முழுவதும் தத்தம் பிழைப்பில் கிடக்கும் எங்களுக்கு இதுவே பொழுதுபோக்கு, இதுவே சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது போன்ற ஒன்றுகூடலும் இதுவே.

சென்ற கார்த்திகையில் நாங்கள் சென்ற தலம் மேலக்கடம்பூர். காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள இவ்வூருக்கு நான் முதன்முதலில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருக்கிறேன். அப்போது பாடல் பெற்ற தலங்கள் 276 என்ற பட்டியல் ஒன்று என் கையில் இருந்தது. ஒரே நாளில் ஐந்து கோயில்களைத் தரிசித்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. கருவறையில் கற்பூரம் கண்டு, திருநீறு பெற்று, விமானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பட்டியலில் குறியிட்டுக்கொண்டு புறப்பட்டேன். எவ்வளவு யோசித்தாலும் அந்த வருகையிலிருந்து தேர் போன்ற விமானம் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

உழவாரப்பணிக்கு ஒரு கோயிலைத் தேர்ந்தவுடன் முதல் வேலை கோயில் நிர்வாகத்திடம் அனுமதி பெறுவதும், சிவாச்சாரியாரைப் பார்த்து எந்தெந்த இடங்களில் வேலை இருக்கிறது, எங்கே நாங்கள் கை வைக்கக் கூடாது என்று கேட்டறிவதும் ஆகும். கருவறையும் அர்த்தமண்டபமும் அவருடைய பொறுப்பு. திருச்சுற்று, நந்தவனம், மதில் ஓரம், மடைப்பள்ளியின் வெளிப்புறம், விளக்குகள், பரிவட்டங்களைத் துவைப்பது ஆகியவை எங்கள் பங்கு. களைக்கொத்து, பன்னரிவாள், கடப்பாரை, இரும்புச் சட்டிகள், ஒட்டடைக் கொம்பு, தென்னந்துடைப்பம் எல்லாம் இரண்டு சாக்குகளில் கட்டி வைத்திருக்கிறோம். பித்தளை துலக்கப் புளியும், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கச் சீயக்காயும் அரிசிமாவும் தனியே வரும். கடுங்காரமோ கடும் அமிலமோ கலந்த எதையும் கல்லின் மீதும் உலோகத்தின் மீதும் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். சிவன் கோயில்களில் அப்பரின் திருமேனியை அடையாளம் காட்டுவதும் அதுவே. அவர் திருப்புகலூரில் பணி செய்துகொண்டிருந்தபோது, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கும்படி இறைவன் செய்தார் என்றும், அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரித் தாமரைக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. ஆயினும் அப்பருக்கு முன்பே இந்தப் பணியைச் செய்தவர் அவருடைய தமக்கை திலகவதியார் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மையாரிடம்தான் சூலை நோயால் துடித்த தம்பி வந்து சேர்ந்தார். கையில் திருநீறு கொடுத்து அவரைத் தமக்கையார் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற வேளையும், பணிக்கென்று திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட விடியற்காலைதான். எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் இருப்பதை யாரேனும் வியந்தால் நான் திலகவதியாரைத்தான் சொல்வேன்.

குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயிலை அடைந்தபோது பனி விலகவில்லை. முதலாம் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய வீராணம் ஏரியின் நீரில் விளையும் வயல்கள் இருபுறமும் பச்சையாக நின்றன. மேலக்கடம்பூரில் எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த கடைக்காரர், நாங்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஐப்பசி மழைக்குப் பின் கிராமத்துக் கோயில்களின் திருச்சுற்று எப்படி இருக்கும் என்பது தஞ்சை, கடலூர்ப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை முறை செதுக்கினாலும் மழை மீண்டும் முழங்கால் உயரத்துக்குப் புல்லைக் கொண்டுவந்துவிடும். நாங்கள் நான்கு பிரிவாகப் பிரிந்தோம். எனக்கும் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவனுக்கும் விமானத்தின் அடித்தளத்தை ஒட்டிய பகுதி கிடைத்தது.

இறைவனின் திருப்பெயர் அமிர்தகடேசுவரர். அமுதம் கடைந்த தேவர்கள் விநாயகரை வணங்க மறந்ததால் அவர் அமுத கலசத்தை எடுத்துச் சென்றார் என்றும், கடம்பவனத்தில் சிந்திய ஒரு துளியே இங்கு இலிங்கமாயிற்று என்றும் தலபுராணம் கூறும். இந்திரனின் தாய் இவ்விறைவனை நாள்தோறும் வழிபட வந்ததைக் கண்டு, தாயின் சிரமத்தைக் குறைக்க எண்ணிய இந்திரன், கோயிலையே தேராக்கி இழுத்துச் செல்ல முயன்றபோது, விநாயகர் தம் காலால் அதை அழுத்தி நிறுத்தினாராம். அந்தக் கதைக்குக் கல்லில் வடிவம் தந்தது போல, கருவறை விமானம் சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேராகவே அமைந்திருக்கிறது. பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று கோயில்களின் வகைகளை அப்பர் ஒரு திருத்தாண்டகத்தில் அடுக்குகிறார். அவற்றுள் கரக்கோயில் என்ற பெயரைத் தாங்கி நிற்பது இத்தலம். இப்போது நாம் காணும் கற்றளி, அதாவது கற்கோயில், முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்தது.

புல்லைப் பிடுங்குவதற்கும் செதுக்குவதற்கும் வேறுபாடு உண்டு. கல்லின் அருகே வளர்ந்ததைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஆகவே வேருக்கு மேலாகச் செதுக்கி, பின்னர் விரலால் மண்ணை இளக்கி எடுக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, இரண்டடி இரண்டடியாக நகர்ந்துகொண்டே அந்த வேலையைச் செய்தோம். ஒரு மணி நேரம் சென்றபின் சிறுவன் என் தோளைத் தட்டினான். அவன் மண்ணை ஒதுக்கிய இடத்தில் தேர்ச்சக்கரத்தின் கீழ் வட்டம் தெரியத் தொடங்கியிருந்தது. இருவருமாகத் துணியாலும் விரலாலும் துடைத்துக்கொண்டே போக, ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சக்கரத்திற்கு அப்பால் குதிரையின் கால்கள் வந்தன. பாய்வதற்கு உயர்ந்த அந்த முன்னங்காலின் முழங்காலில் சிற்பி வடித்திருந்த சிறிய மடிப்பை என் கட்டைவிரல் உணர்ந்த கணத்தை நான் மறக்க மாட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே சக்கரத்தின் எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தவன் நான். குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆர்வத்தால் கெடுத்த கதையும் எனக்கு உண்டு. குழுவில் சேர்ந்த புதிதில், வேறொரு சிற்றூர்க் கோயிலின் அடித்தளத்தில் உள்ள குமுதப்படை என்னும் கல்வரிசையில் பாசி படிந்திருப்பதைக் கண்டு, கம்பித் தூரிகையை எடுத்து வேகமாகத் தேய்த்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஓடி வந்து கையைப் பிடித்தார். பாசிக்கு அடியில் கல்வெட்டு இருந்தது. என் தூரிகை இரண்டு எழுத்துகளின் விளிம்பைத் தின்றிருந்தது. எந்த நிலத்தை யார் கொடுத்தார், எத்தனை விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார் என்று எழுதி வைத்த வரிகள் அவை. நூற்றாண்டுகளின் மழைக்குத் தப்பியதை ஒரு நொடியில் நான் சிதைத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் குறையவில்லை. அன்று முதல் எங்கள் சாக்கில் கம்பித் தூரிகை கிடையாது. கல்வெட்டின் மீது தண்ணீரும் மென்மையான துணியும் மட்டுமே படலாம். விமானத்தின் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் நாங்களாக இழுத்துப் பிடுங்குவதில்லை. கோயில் நிர்வாகத்திடம் சொல்லி, தக்க பணியாளர் வந்து வேரை அகற்றும் வரை காத்திருக்கிறோம். பக்தியோடு கொஞ்சம் நிதானமும் இல்லாவிட்டால் உழவாரமே கோயிலுக்குப் பகையாகிவிடும்.

தையல்காரச் சகோதரிகளின் தலைமையில் விளக்குப் பிரிவினர் தூங்காவிளக்குகளையும் தட்டுகளையும் வெயிலில் பரப்பிப் புளி போட்டுத் துலக்கினார்கள். பேச்சு நிற்கவே இல்லை. மகள் திருமணம், மாமியார் கண் அறுவை சிகிச்சை, அரிசி விலை எல்லாம் அந்தப் பித்தளையோடு சேர்ந்து தேய்ந்தன. சாமி காரியத்தில் குடும்பப் பேச்சு எதற்கு என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் மாதம் முழுவதும் யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அம்பாளின் சந்நிதி முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது என்பதை அறிந்தபின் நான் அப்படி நினைப்பதில்லை. இத்தலத்து அம்பிகையின் பெயர் சோதி மின்னம்மை. துலக்கிய விளக்குகளை வரிசையாக வைத்தபோது அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் தானாக வந்தது.

நண்பகல் உணவுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இருந்தன. ஊர்க்காரர்கள் வாழையிலையும் மோரும் கொண்டுவந்தார்கள். காலையில் எங்களை ஒதுங்கி நின்று பார்த்த முதிய அம்மையார் ஒருவர், தாம் இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன என்றும், பிரதோஷத்துக்குத் தவறாமல் வருவதாகவும் சொன்னார். சிறுவனிடம் குதிரையின் கால்களைக் காட்டச் சொல்லி, நெடுநேரம் அங்கேயே நின்றார்.

உணவுக்குப் பின் நிழலில் அமர்ந்து இத்தலத்துப் பதிகங்களை ஓதினோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஊர் இது. "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடிய திருக்குறுந்தொகை இந்தக் கரக்கோயிலுக்கு உரியது. அதன் பின்பாதி பலரும் அறிந்தது. மேடைகளிலும் அலுவலகச் சுவர்களிலும் அது தனியே நின்றுவிட்டது. சேர்த்துப் பாடும்போதோ, என் மனம் முன்பாதியில் உள்ள 'அடியேனையும்' என்ற சொல்லின் உம்மையில் போய்த் தங்குகிறது. உலகம் அனைத்தையும் தாங்குபவன் இந்த எளியவனையும் தாங்குவான் என்று உறுதியாக நம்பிய ஒருவர்தான், பயனைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாமல், பணி செய்து 'கிடக்க' முடியும். முதுகு வலியோடும் நகக்கண்ணில் ஏறிய மண்ணோடும் அந்த வரியைப் பாடியபோது, சிலர் கண் கலங்கியதைக் கண்டேன், நானும் கலங்கினேன்.

அன்று பிரதோஷம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது எங்கள் பேறு. இக்கோயிலில் பத்துக் கரங்களோடு காளையின் முதுகில் நின்று ஆடும் சிவபெருமானின் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. பிரதோஷ வேளையில் அது வழிபாட்டுக்கு எழுந்தருளும். வங்கத்தை ஆண்ட பால மன்னர்களின் காலச் சிற்ப மரபில் வார்க்கப்பட்ட படிமம் அது. சோழரின் கங்கைப் படையெடுப்போடு இங்கு வந்தது என்று சொல்வார்கள். தில்லையில் முயலகன் மீது ஆடும் பெருமானை நாள்தோறும் கண்டு வளர்ந்த எங்களுக்கு, விடையின் மீது அதே ஆனந்தத்தோடு ஆடும் அவரைக் கண்டதும் பேச்சு எழவில்லை. எங்கோ கங்கைக் கரையில் ஒரு கம்மியர் மெழுகில் பிடித்த வளைவுகளின் மீது, காலையில் துலக்கிய விளக்குகளின் ஒளி படிந்தது. நந்திக்கு அபிஷேகம் முடிந்து, தீபாராதனை கண்டு, நாங்கள் சுற்றி வந்தபோது திருச்சுற்றின் மண் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

வேனில் ஏறும் முன் கருவிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒரு களைக்கொத்து குறைந்தது. சிறுவன் அதைத் தேர்ச்சக்கரத்தின் அருகிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னதால், கைவிளக்கை எடுத்துக்கொண்டு நான் திரும்பிச் சென்றேன். களைக்கொத்து மதிலோரமாகப் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் செதுக்கிய தரையில் அந்த முதிய அம்மையார் சாணம் தெளித்து மெழுகிவிட்டு, குதிரையின் காலடியில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.