நடந்தே வந்துட்டனுங்க சாமி

போன ஆடியில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் குனியச் சொல்லி, "அம்மிணி, எந்திரிச்சு நடந்துட்டன்னா சுண்டக்காமுத்தூர்ல இருந்து குளத்தங்கரை மேலயே பேரூர்ப் பட்டீஸ்வரனைப் பாக்க வர்றன்னு வேண்டியிருக்கறன்" என்றார். வேண்டிக்கொண்டது அவர், தூக்கம் போனது எனக்கு.

தை அமாவாசையன்று விடியும் முன்னே கிளம்பினோம். சுண்டக்காமுத்தூர் அம்மா பிறந்த ஊர். பேரூர் பெரியகுளத்துக் கரைதான் அவருக்குக் கோயில் பாதை. இப்போது வயலெல்லாம் சைட்டாகிவிட்டது. கோயமுத்தூர் குளத்தை ஒட்டியே வந்து நிற்கிறது. குளத்தில் மட்டும் குறையில்லை. நொய்யல் தண்ணீர் கரை தொட்டு நின்றது. மேற்கே வெள்ளியங்கிரி மலை பனியில் பாதிதான் தெரிந்தது.

பாதி வழியில் கால் மடங்க மறுத்துவிட்டது. மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றேன். "ஆட்டோவுல வாறதுக்கு வேண்டுதல் எதுக்கு?" தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இருபது நிமிஷம் தண்ணீரையே பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கை எவ்வளவு கனத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

படித்துறைப் பக்கம் போனால் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். "எள்ளு, பிண்டம் எல்லாஞ் சேர்த்து 500." இரண்டடி நகர்ந்ததும் அதுவே 200. பித்ரு காரியத்திலுமா பேரம்! அப்பாவுக்கு அண்ணன் காலையிலேயே தர்ப்பணம் கொடுத்துவிட்டான், நல்லவேளை.

உள்ளே இரண்டு மணி நேர வரிசை. முண்டியடித்தவர்களில் பாதிப் பேர் நடராஜர் இருக்கும் கனகசபைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அழகாத்திரி நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரையில் கல்லிலேயே சங்கிலி தொங்குகிறது. மேலைச் சிதம்பரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சந்நிதியில் "நகருங்க, நகருங்க" சத்தம். அம்மாவின் உயரத்துக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு தூரம் நடந்து முதுகைப் பார்க்கவா என்று. அந்த நேரம் தீபாராதனை. முன்னால் நின்றவர் குழந்தையைத் தூக்கக் குனிந்தார். அந்த இடைவெளியில் தெரிந்தார் ஐயா! காமதேனுவின் கன்று பட்டியின் குளம்படியைத் தலையில் வாங்கியவர், விபூதியும் வில்வமுமாக. கேட்க எவ்வளவோ இருந்திருக்கும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "நடந்தே வந்துட்டனுங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அம்மன் பச்சைநாயகியிடமும் அதே ஒரு வரி. என் தாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

வெளியே அகத்திக்கீரை வாங்கினோம். காலையிலிருந்து தின்று அலுத்த மாடுகள் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. தெருமுனையில் எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி வந்து, கட்டிய நாரோடு சேர்த்து இழுத்தது. இழுத்த வேகத்தில் அம்மாவின் காலை மிதித்துவிட்டது. நான் பதறித் தள்ளப் போனேன்.

"உட்ரு அம்மிணி, மிதிக்கட்டும்."

சேலைக் கரையில் சேற்றுக் குளம்படி. இன்னும் அந்தச் சேலையைத் துவைக்கப் போடவில்லை அவர்.